ஏழாவது ஷீட்டில் மேரியின் பெயர்

ரங்கநாயகி வந்து பத்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஜன்னலோர ஸ்டூல் அவளுடையது, நல்ல மைக்ராஸ்கோப் அவளுடையது, அட்டெண்டர் ஆண்டி காலையில் வைக்கும் முதல் வணக்கமும் அவளுக்குத்தான். வெள்ளிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து அவள் புளியோதரை கொண்டுவந்தால், தலைவர் ஃபாதர் சவரிநாதன் தன் அறையிலிருந்து கையில் ஸ்பூனோடு வராந்தாவுக்கு வந்துவிடுவார்.

இருதயமேரி இருபத்து நாலு வருஷமாகக் காட்டூரிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வருகிறாள். இதுவரை ஒருவரும் ஸ்பூனோடு வந்ததில்லை.

“மேரிக்கா, கொஞ்சம் எடுத்துக்கோங்க.”

“எனக்குப் புளி ஒத்துக்காது மேடம்” என்பாள் இருதயமேரி. அவள் டிபன் பாக்ஸில் புளிக்குழம்பு இருக்கும்.

பாலக்கரையில் புனித தெக்லா கல்லூரியின் பின்கட்டில் இருக்கிறது அந்த ஹெர்பேரியம். முப்பத்தெட்டு இரும்பு பீரோக்கள். அவற்றில் அழுத்திக் காயவைத்துத் தடித்த தாளில் ஒட்டிய நாற்பதாயிரம் செடிகள். அறை முழுக்க அந்துருண்டை வாசனை. செடியைத் தாளில் படியவைப்பது, தண்டை நூலால் தைப்பது, உதிர்ந்த துணுக்குகளைச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் மடித்து அதே தாளின் மூலையில் ஒட்டுவது, எல்லாம் இருதயமேரியின் வேலை. அவள் ஒட்டிய செடி அசையாது. பசையில் எவ்வளவு மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது என்பது அவள் கைக்குத் தெரியும்.

ஆனால் ஷீட்டில் அவள் பெயர் இருக்காது. செடியைப் பறித்தவர் பெயர் இருக்கும். இது இன்ன செடி என்று சொன்னவர் பெயர் இருக்கும். ஒட்டியவர் பெயரைப் போடும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

இன்னொரு வழக்கம் உண்டு. முதலில் ஒருவர் சொன்ன பெயர் தவறு என்று பின்னால் வருகிறவர் கண்டுபிடித்தால், பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார். பக்கத்தில் தன் சீட்டை ஒட்டுவார். அதில் சரியான இனப்பெயர், தன் பெயர், தேதி. ‘டெட் ஸ்லிப்’ என்பார்கள்; இனத்தைத் தீர்மானித்தவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம் ‘டெட்.’ ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான். சரியோ தப்போ, நூறு வருஷம் கழித்துப் பார்க்கிறவனும் அதைப் படித்தாக வேண்டும்.

அந்த விரற்கடை அகலச் சீட்டில் ஒன்றே ஒன்றில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பது இருதயமேரியின் ஆசை. இதை அவள் புருஷன் பெனடிக்டிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வியாழக்கிழமை ஃபாதர் ஒரு மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார்.

“டாக்டர், கிரீஸ்லேருந்து ஒரு புரொஃபசர் அம்மா எழுதியிருக்காங்க. நம்மகிட்ட காட்டுக் குரோக்கஸ் பதினொரு ஷீட் இருக்காம். எல்லாத்துக்கும் போட்டோ வேணுமாம். கிழங்குத் தோலோட.”

டாக்டர் என்றால் ரங்கநாயகி. இருதயமேரியை அவர் மேரி என்பார். அந்தப் பதினொரு ஷீட் எந்த பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மேரிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஃபாதர் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்; டாக்டர் மேரியைப் பார்த்தாள்; மேரி எழுந்து போய் எடுத்து வந்தாள்.

வெகுகாலம் முன்பு இந்தக் கல்லூரியிலிருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொல்லிமலைச் செடிகளை ஒரு கட்டு கடல் கடந்து அனுப்ப, பதிலுக்கு வந்த கட்டில் இருந்தவை அவை. பூ ஒரு காலத்தில் ஊதாவாக இருந்திருக்க வேண்டும். இப்போது தேநீர்க் கறை மாதிரி இருந்தது.

ஆண்டி எட்டிப் பார்த்தார். “இதையா பால்ல போட்டுக் குடிக்கிறாங்க?”

“அது குங்குமப்பூ. இது அதோட காட்டுத் தங்கச்சி” என்றாள் ரங்கநாயகி.

“தங்கச்சிக்கு நிறமே இல்லையே.”

“நிறத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது ஆண்டிண்ணே. கிழங்கோட தோலை வெச்சுத்தான் இனம் சொல்லணும்.”

கிழங்கு சின்ன வெங்காயம் அளவுதான். அதன் மேல்தோல் ஓர் இனத்தில் கோடு கோடாக நாராக உரியும். இன்னோர் இனத்தில் தென்னம் பன்னாடை மாதிரி பின்னலாக இருக்கும். அந்தப் பதினொன்றும் கோட்டுத்தோல் இனம் என்று ஃபோல்டரின் மேலே எழுதியிருந்தது. உதிர்ந்த தோல்கள் அந்தந்த ஷீட்டின் பொட்டலத்தில் இருந்தன.

ஏழாவது ஷீட்டின் பொட்டலத்தைப் பிரித்ததும் ரங்கநாயகி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். “ஃபாதர், ஒரு நிமிஷம் வாங்களேன். இது வலை மாதிரி இருக்கு.”

ஃபாதர் குனிந்து பார்த்தார். ஆண்டியும் பார்த்தார். புத்தகப் படங்களோடு ஒப்பிட்டார்கள். சந்தேகமில்லை, பின்னல்தோல். பறித்த இடம் என்று ஷீட்டில் எழுதியிருந்த மலையில் அந்த இனம் வளர்வதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்படியானால் நூறு வருஷமாகத் தவறான பெயரோடு ஒரு புதுச் செய்தி பீரோவுக்குள் கிடந்திருக்கிறது.

“திங்கட்கிழமை உங்க டெட் ஸ்லிப்பைப் போட்டுடுங்க டாக்டர்” என்றார் ஃபாதர். “சின்னதா ஒரு கட்டுரையும் எழுதிடுங்க. இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தோட தாவரவியல் பத்திரிகைக்குக் கெடு முடியுது. அடுத்த மாசம் உங்க வேலையை நீட்டிக்கச் சொல்லி நான் எழுதறப்போ, கையில ஏதாவது இருக்கணும்ல.”

இருதயமேரி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் பசைக் கிண்ணம் இருந்தது.

அந்த வலைத்தோலை அவள் 2007-லேயே பார்த்திருக்கிறாள். பொட்டலம் கிழிந்திருந்தது என்று மாற்றும்போது பார்த்தாள். மற்ற பத்தும் ஒரு மாதிரி, இது மட்டும் ஒரு மாதிரி. அப்போதிருந்த தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் நிமிரக்கூட இல்லை. “ஒட்டறது உன் வேலை, பாக்கறது எங்க வேலை” என்றார். அன்றைக்கு வாயை மூடியவள்தான். பதினெட்டு வருஷம் மூடியே வைத்திருந்த பெட்டியை இந்தப் பெண் பத்து மாதத்தில் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் காட்டூர் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், ஒவ்வொரு வெங்காயத்தின் தோலையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரியமங்கலம் லேத் பட்டறையிலிருந்து வந்த பெனடிக்ட் கவனித்தார்.

“என்ன, வெங்காயம் அழுகிடுச்சா?”

“உங்க பட்டறையில நீங்க கடைஞ்ச உருளையை இன்னொருத்தன் தன்னுதுன்னு சொன்னா என்ன செய்வீங்க?”

“எந்தப் பய சொன்னான்?”

“சும்மா கேட்டேன்.”

“நம்ம நம்பரைப் பொறிச்சுட்டா எவன் சொல்ல முடியும்? நான் முதல்ல பொறிச்சுட்டுத்தான் டீ குடிக்கவே போவேன்.”

இருதயமேரி கத்தியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு மணிக்கு வராந்தாவில் புளியோதரை டப்பா திறந்தது. ஃபாதர் ஸ்பூனோடு வந்தார். ஆண்டி இலையே கொண்டுவந்திருந்தார். ஹெர்பேரியத்துக்குள் சாப்பாடு வரக்கூடாது, பூச்சி வரும் என்பது சட்டம். அதனால் அந்த இருபது நிமிஷமும் உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இருதயமேரி மை தொட்டு, மணிமணியான ஆங்கில எழுத்தில் எழுதினாள். இனப்பெயருக்கு அவள் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. அதே தட்டில் அடுத்த ஃபோல்டர் பின்னல்தோல் இனத்துடையது. அதில் ஒரே ஒரு ஷீட் உண்டு. அதன் மேலட்டையில் இருந்த பெயரைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டாள். ஃபோல்டரைத் திறக்கவில்லை. நேரமில்லை. கீழே ‘டெட். ஆ. இருதயமேரி’ என்று எழுதித் தேதி போட்டாள். பசை தடவினாள். ஏழாவது ஷீட்டின் வலது மூலையில் ஒட்டி, மேலே ஒரு தாளை வைத்து, கட்டைவிரலால் நாலு முறை நீவினாள்.

வெளியே யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ரங்கநாயகி போட்டோ எடுப்பதற்காக ஏழாவது ஷீட்டை விளக்கின் கீழ் வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் ஃபாதரின் அறைக்குப் போனாள்.

“யார் ஒட்டினது?” என்று ஃபாதர் வந்து கேட்டார்.

“நான்தான் ஃபாதர்.”

“உன்னை யார் ஒட்டச் சொன்னது?”

“யாரும் சொல்லல. இருபத்து நாலு வருஷமா யாரும் சொல்லல. அதான் நானே ஒட்டிட்டேன்.”

ஆண்டி கதவருகே துடைக்காத இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மேரிக்கா” என்றாள் ரங்கநாயகி. அவள் முகம் சிவந்திருந்தது.

“நீங்க லென்ஸ்ல பாக்கும்போது பக்கத்துலதானே நின்னேன் மேடம். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அந்தத் தோலை நான் 2007-லேயே பாத்தவ.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுல்ல. அதான் எழுதி ஒட்டியிருக்கேன். இனிமே எல்லாருக்கும் தெரியும்.”

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் கண்ணாடிதான் துடைபடும். “ஒட்டினதைக் கிழிக்க முடியாது. அது வழக்கம். போகட்டும். டாக்டர், கட்டுரை உங்களோடது. நாளைக்கு வீட்லேருந்தே எழுதி அனுப்பிடுங்க.”

ரங்கநாயகி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலி புளியோதரை டப்பா வராந்தாவிலேயே கிடந்தது. இருதயமேரி அதைக் கழுவி வைக்கவில்லை. வேறு எந்த வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் கழுவியிருப்பாள், அப்போதும் முணுமுணுத்துக்கொண்டேதான்.

சனிக்கிழமை காலையிலிருந்து கல்லூரியில் நெட் இல்லை. இரண்டு மணிக்கு ஃபாதர் வந்து, நேற்றைய விஷயம் எதுவும் நடக்காதது மாதிரி சொன்னார். “மேரி, அடுத்த ஃபோல்டர்ல பின்னல்தோல் ஷீட் ஒண்ணு இருக்குல்ல? அதோட தோலை எடுத்து, நம்ம ஏழாவது ஷீட் தோலோட பக்கத்துல வெச்சு, பெரிய காமிரால ஒரு போட்டோ எடு. ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டணும்ல. கார்டைக் கழட்டி ஸ்ரீரங்கத்துல அந்தப் பொண்ணு வீட்ல குடுத்துட்டு வந்துடு. நான் ஆயர் இல்லத்துக்குக் கிளம்பறேன்.”

“நானா ஃபாதர்?”

“உன் பேருதானே ஷீட்ல இருக்கு” என்றார் ஃபாதர்.

அவள் ஃபோல்டரைத் திறந்தாள். ஒரே ஒரு ஷீட். மூலையில் பொட்டலம். அவளுடைய மடிப்புதான்; மேல்முனையை உள்ளே செருகி மடிப்பது இந்த அறையில் அவள் ஒருத்திதான். பிரித்தாள்.

காலி.

ஷீட்டில் தைத்திருந்த கிழங்கைப் பார்த்தாள். அது உரித்த சின்ன வெங்காயம் மாதிரி மொட்டையாக இருந்தது. நூலுக்கு அடியில் மட்டும் ஒரு துணுக்குத் தோல் ஒட்டியிருந்தது. லென்ஸை வைத்தாள். வலை.

ஏழாவது ஷீட்டை இழுத்தாள். அங்கேயும் கிழங்குக்கு மேல் போன நூலின் அடியில், நகக்கண் அளவு ஒரு துணுக்கு. லென்ஸை வைத்தாள். கோடு. கோடு கோடாக, வலையே இல்லாமல்.

அவளுக்கு அப்போதுதான் அந்த மின்விசிறி நினைவுக்கு வந்தது.

2005 நவம்பர் வெள்ளம். ஹெர்பேரியத்தின் கீழ்த்தட்டுகள் வரை தண்ணீர். நானூறு ஷீட்டுகளை மாதா கோயில் ஹாலுக்குத் தூக்கிப்போய், நனைந்த பொட்டலங்களைப் பிரித்து, உள்ளிருந்ததை எல்லாம் செய்தித்தாளில் பரப்பியவள் அவள்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் எண்ணை எழுதித் துண்டுச்சீட்டு வைத்திருந்தாள். கரண்ட் மூன்று நாளாக இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் திடீரென்று வந்தது. மேலே இருந்த மின்விசிறியின் சுவிட்சை ஒருவரும் அணைத்திருக்கவில்லை. அது சுற்ற ஆரம்பித்த அந்த ஐந்து விநாடியில் குரோக்கஸ் தோல்கள் பறந்தன. அவள் பாய்ந்து பொறுக்கினாள். ஏழாம் எண் துண்டுச்சீட்டுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. தரையில் ஒரு தோல் கிடந்தது. எடுத்து அங்கே வைத்தாள். அப்போது அவளிடம் லென்ஸ் கிடையாது. கடைசிச் செய்தித்தாளில் இருந்த ஒற்றை ஷீட்டின் பொட்டலத்தைப் பார்க்காமலேயே மடித்திருக்க வேண்டும். ஏழாவதின் சொந்தத் தோல் ஜன்னல் வழியே பறந்திருக்க வேண்டும்.

நூறு வருஷத்து ரகசியமும் இல்லை, புதுச் செய்தியும் இல்லை. ஏழாவது ஷீட் எப்போதும் போலக் கோட்டுத்தோல் இனம்தான். வலைத்தோல் பக்கத்து வீட்டுத் தோல். அதை இங்கே கொண்டுவந்து போட்டவள், பதினெட்டு வருஷமாக அதை நினைத்து நினைத்துக் குமுறியவள், நேற்று அதன் பேரில் மை தொட்டுக் கையெழுத்துப் போட்டவள், மூவரும் ஒருத்தி.

பீரோவுக்கும் மேசைக்கும் நடுவில் அவள் நின்றாள். அறையில் யாருமில்லை. இடுக்கி கையருகில் இருந்தது. ஏழாவது பொட்டலத்திலிருக்கும் வலைத்தோலைப் பாதியாகக் கிழித்து, பாதியை இந்தக் காலிப் பொட்டலத்தில் வைத்தால் போதும். ஒரு நிமிட வேலை. அவள் கைக்கு அரை நிமிடம். பிறகு உலகமே வந்து பார்த்தாலும் இரண்டும் ஒன்றுதான்.

இடுக்கியை எடுத்தாள். தோலின் நுனியைப் பிடித்தாள்.

“என்ன மேரிம்மா, ஃபேனைப் போடவா? இப்படி வேர்க்குது” என்று ஆண்டி உள்ளே வந்தார்.

“ஃபேனைத் தொடாதீங்க” என்று அவள் போட்ட சத்தத்தில் ஆண்டி வந்த வழியே போனார்.

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். இரண்டு போட்டோ எடுத்தாள். ஒன்று வலைத்தோல். இன்னொன்று காலிப் பொட்டலம். எது எப்படி இருக்கிறதோ அப்படியே. கார்டைக் கழற்றி மணிபர்ஸில் போட்டுக்கொண்டாள்.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியபோது அவள் மனசு வேறு கணக்குப் போட்டது. போட்டோ கார்டில் இருக்கிறது. ரங்கநாயகி பார்த்தால் பார்க்கட்டும். பார்க்காவிட்டால் அது யார் குற்றம்? டாக்டர் பட்டம் வாங்கியவள்தானே. கட்டுரை வரும். கிரீஸ்காரி படிப்பாள். நம்ம பதினொரு ஷீட் போட்டோவையும் வைத்துக்கொண்டு, நூலுக்கு அடியில் இருக்கும் அந்த நகக்கண் துணுக்கைப் பார்ப்பாள். பார்த்துச் சிரிப்பாள். உலகத்தில் குரோக்கஸ் தெரிந்த நாற்பது பேரும் சிரிப்பார்கள். யாரைப் பார்த்து? கட்டுரை எழுதியவளைப் பார்த்துத்தான். சீட்டு ஒட்டியவள் யாரென்று யார் கேட்கப் போகிறார்கள்? அவள் வெறும் ஒட்டுகிறவள்.

இதை நினைக்க இனிப்பாக இருந்தது. ராஜகோபுரம் தெரிகிற வரைக்கும் அந்த இனிப்பு நாக்கிலேயே இருந்தது.

கீழச் சித்திரை வீதியில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கதவைத் திறந்தது ரங்கநாயகியின் அம்மா.

“வாங்கோ, உள்ள வாங்கோ. நீங்கதானே மேரி மாமி? இவ ஆத்துக்கு வந்தா உங்க பேச்சுதான்.”

என்ன பேச்சென்று இருதயமேரிக்குத் தெரியாதா. “அப்படிங்களா” என்றாள்.

“மோர் சாப்பிடறேளா? வெயில்ல வந்திருக்கேள்.”

“அம்மா, நீ செத்த உள்ள போ. நான் பாத்துக்கறேன்” என்ற ரங்கநாயகி, இருதயமேரியைப் பார்த்து மட்டும், “உக்காருங்கக்கா” என்றாள். குரலில் ஒரு துளி சிரிப்பில்லை. மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. கட்டுரை முடிந்திருந்தது.

“எம் பேரு இருக்கா?” என்று கேட்டுவிட்டாள் இருதயமேரி. கேட்கக்கூடாது என்று பஸ்ஸில் பதினைந்து முறை சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

“இருக்கு. கடைசில, நன்றில.”

“நன்றிலயா.”

“காமிரா வாங்கிக் குடுத்தவங்களுக்கு அடுத்து.”

“ஓ. காமிராவுக்கு அப்புறம்தான் நான்.”

“நேத்து நீங்க செஞ்சதுக்கு அதுவே ஜாஸ்திக்கா” என்றாள் ரங்கநாயகி. “எனக்கும் இதுவரைக்கும் ஒரு டெட் ஸ்லிப்கூட கிடையாது. தெரியுமா உங்களுக்கு? பி.எச்.டி. அஞ்சு வருஷம் வேற யாரோ ஒட்டினதையெல்லாம் படிச்சுத்தான் முடிச்சேன். வியாழக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. என்ன பேனா, என்ன மைன்னு யோசிச்சுட்டே படுத்திருந்தேன்.”

 இருதயமேரியும் அதே ராத்திரி அதே மையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ஆனா உங்க பேரு இன்னோர் இடத்துலயும் வருது” என்று ரங்கநாயகி திரையை மேலே தள்ளினாள். ஒரு வரியை விரலால் காட்டி, தமிழில் சொன்னாள். “இந்த ஷீட்டுகளின் பொட்டலங்கள் அனைத்தும் இருதயமேரி என்ற ஒரே கையால் மடிக்கப்பட்டவை, அதனால் உள்ளே இருப்பது அந்தந்தச் செடியுடையதே என்று நம்பலாம்.” பிறகு அலுப்போடு சொன்னாள். “கோபத்துல இந்த வரியை நேத்து எடுத்துட்டேன். எடுத்தா கட்டுரை நிக்கல. தோல் மாறிப்போயிருக்காதுன்னு என்ன நிச்சயம்னு முதல் கேள்வியே கேப்பாங்க. அதுக்கு உங்க கையை விட்டா என்கிட்ட வேற சாட்சி இல்ல. மறுபடியும் சேத்துட்டேன்.”

உள்ளே மிக்ஸி ஓடியது. மோருக்குக் கொத்தமல்லி அரைபட்டது.

ரங்கநாயகி கார்டைச் செருகினாள். முதல் போட்டோ திறந்தது. வலைத்தோல், பெரிதாக, அழகாக. மணி நாலேகால். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

“இன்னொண்ணும் இதே மாதிரிதானே இருக்கு? நீங்க சொன்னாப் போதும்க்கா. அனுப்பிடறேன்.”

சொல்லாவிட்டால் அனுப்பிவிடுவாள். ‘ஆமாம்’ என்றுகூடச் சொல்ல வேண்டாம். தலையை லேசாக ஆட்டினால் போதும். இருதயமேரி அந்தப் பெண்ணின் விரலைப் பார்த்தாள். நகத்தில் மைக்கறை. இவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. அடுத்த வருஷமோ பத்து வருஷம் கழித்தோ, தானாக அந்த ஃபோல்டரைத் திறப்பாள். காலிப் பொட்டலத்தைப் பார்ப்பாள். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிடும். அப்புறம் ஏழாவது ஷீட்டில், இருதயமேரியின் சீட்டுக்கு மேலே, திருத்தி ஒரு சீட்டு ஒட்டுவாள். டெட். ரங்கநாயகி. என் தப்பின் தலைமேல் இவள் பெயர். காலத்துக்கும்.

அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

“அனுப்பாதீங்க” என்றாள் இருதயமேரி. “ரெண்டாவது போட்டோவைப் பாருங்க.”

ரங்கநாயகி பார்த்தாள். புரியாமல் மறுபடி பார்த்தாள். இருதயமேரி மின்விசிறியிலிருந்து ஆரம்பித்தாள். நூலுக்கடியில் இருந்த துணுக்குகளைச் சொன்னாள். இடுக்கியை எடுத்ததையும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. சொல்லி முடிக்கும்போது அம்மா மோரை வைத்துவிட்டு, இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு, உள்ளே போனாள்.

ரங்கநாயகி லேப்டாப்பை மூடினாள். 

“வெள்ளிக்கிழமை நீங்க ஒட்டாம இருந்திருந்தா, திங்கட்கிழமை நான் ஒட்டியிருப்பேன்” என்றாள். “என்னோட முதல் சீட்டு. காலத்துக்கும் தப்பு. அதையும் எனக்கு விட்டுவெக்காம நீங்களே எடுத்துக்கிட்டீங்க.”

“வேணும்னா எடுத்தேன்?”

“வேணும்னுதான் எடுத்தீங்க. தப்புன்னு தெரியாம எடுத்தீங்க. அவ்வளவுதான்.” அவள் மோர் டம்ளரை இருதயமேரியின் பக்கம் நகர்த்தினாள். “குடிங்க. புளி இல்ல.”

இருதயமேரி டம்ளரை எடுத்தாள். டிபன் பாக்ஸில் இருந்த புளிக்குழம்பு இவளுக்குப் பத்து மாதமாகத் தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஃபாதரிடம் இருவரும் சேர்ந்து போய்ச் சொன்னார்கள். அவர் கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். பிறகு கிரீஸ்காரிக்கு ஒளிக்காமல் எல்லாவற்றையும் எழுதினார். வெள்ளம், மின்விசிறி, மாறிய தோல். மறுநாளே பதில் வந்தது. அப்படியானால் அந்த வெள்ளத்தில் நனைந்த மற்றப் பொட்டலங்கள் என்ன கதியில் இருக்கின்றன என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. ஆண்டி பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு ஷீட். ஒவ்வொன்றையும் திறந்து, தைத்திருக்கும் செடியோடு பொட்டலத்தில் இருப்பதை ஒப்பிட வேண்டும். லென்ஸ் தெரிந்தவள் ஒருத்தி, மடிப்பு தெரிந்தவள் ஒருத்தி, இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு வருஷ வேலை. ரங்கநாயகியின் வேலையை நீட்டிக்கச் சொல்லும் கடிதத்தில் ஃபாதர் இதையே காரணமாக எழுதினார்.

ஆனால் முதலில் ஏழாவது ஷீட்டைச் சரிசெய்ய வேண்டும். ரங்கநாயகி டிராயரைத் திறந்து புதுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

“அது எதுக்கு?” என்றாள் இருதயமேரி.

“திருத்தம் போடணும்ல?”

இருதயமேரி மணிபர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். சனிக்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே எழுதியது. பழைய இனப்பெயரே சரி என்றிருந்தது. கீழே, டெட். ஆ. இருதயமேரி. பஸ் குலுங்கிய இடத்தில் ஓர் எழுத்து மட்டும் கோணியிருந்தது.

பசை தடவினாள். தன் முதல் சீட்டை மறைக்காமல் அதற்கு நேர் மேலே ஒட்டினாள். நாலு முறை நீவினாள். அந்த மூலையில் இனி ஒரு கடுகுகூட வைக்க இடமில்லை.

ரங்கநாயகி கையில் வெற்றுச் சீட்டோடு நின்றாள். “நாற்பதாயிரம் ஷீட்ல ஒரே ஆள் தன்னையே திருத்தி ரெண்டு சீட்டு ஒட்டினது இது ஒண்ணுதான் இருக்கும்.”

“இருக்கட்டும்.”

“எனக்கு?”

“உங்களுக்குப் பக்கத்து ஃபோல்டர் இருக்கு. தோலைத் திரும்பக் கொண்டுபோய் வெச்சதுக்கு அங்க ஒரு குறிப்பு எழுதணும். எழுதுங்க. இடம் நிறைய விட்டுத்தான் ஒட்டியிருக்கேன்.”

ரங்கநாயகி உட்கார்ந்தாள். மை தொட்டாள். முதல் சீட்டு என்பதால் மெதுவாக எழுதினாள். இருதயமேரி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தேதி, ரங்கநாயகியின் கையெழுத்து, அதற்கு மேலே ஒரு வாக்கியம்: இந்தத் தோல் 2005 வெள்ளத்தின்போது ஆ. இருதயமேரியின் கவனக்குறைவால் வேறு ஷீட்டுக்கு மாறி, இன்று திரும்ப வைக்கப்பட்டது.

“இதுல எதுக்கு எம் பேரு?”

“ஷீட்ல பேரு வரணும்னுதானே கேட்டீங்க?” என்றாள் ரங்கநாயகி, தலை நிமிராமல். “பசையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கக்கா.”

இருதயமேரி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு தள்ளினாள். ஆனால் அந்தச் சீட்டை ரங்கநாயகியை ஒட்ட விடவில்லை. கோணலாக ஒட்டுவாள், அதைக் காலத்துக்கும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தானே வாங்கி ஒட்டினாள்.